அவ இன்னும் முடிக்கலை

என் எட்டு வயது மகளுக்குப் பேச்சு திக்கும். அவள் திணறும்போதெல்லாம் மிச்சத்தை நானே சொல்லி முடித்துவிடுவேன். அதைப் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் ஒரு நாள் பைக் பஞ்சர். ஸ்ரீரங்கத்திலிருந்து அவளுடைய ஸ்கூல் வேனிலேயே நானும் ஏறிக்கொண்டேன். உள்ளே ஒரே கூச்சல். லீவில் என்ன செய்யப்போகிறோம் என்று பிள்ளைகள் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள் முறை வந்தது.

"நான்... அ... அ..."

"அத்தை வீட்டுக்குப் போவா" என்றேன் நான்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆயிஷா என்னை முறைத்தாள். "அங்கிள், அவ இன்னும் முடிக்கலை."

வேனே அடங்கிப்போனது. ஒருவரும் சிரிக்கவில்லை, அடியெடுத்துக் கொடுக்கவில்லை. காவிரிப் பாலத்தில் பாதி தூரம் அத்தனை வாண்டுகளும் அவள் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தன. இதை யார் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

"அ... அப்பாகூட இந்தப் பாலத்துல நடக்கணும்" என்றாள் மகள்.

லீவு வரும்வரை நான் காத்திருக்கவில்லை. அன்று சாயங்காலமே நடந்தோம். இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அவள்தான் பேசினாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்ல வந்தது ஒன்று, நான் சொல்லி முடித்தது ஒன்று என்று இதுவரை எத்தனை போயிருக்குமோ!