மலாயா போகாத கதைகள்

வாடகைப் புத்தகங்களில் ஜாதிக்காய்த் தைலத்தின் நெடி இருக்கும். எங்களுக்கு முன்னால் படித்த யாரோ ஒருவருக்குத் தீராத தலைவலி போலும். நெற்றியில் தேய்த்த விரலாலேயே புரட்டிப் புரட்டி, இளவரசி மயங்கி விழும் பக்கத்திலும் மருமகள் அடுப்படியில் விசும்பும் பக்கத்திலும் ஒரே காரத்தைப் பூசி வைத்திருந்தார். சனிக்கிழமை மாலைகளில் அப்பா அந்த நெடியை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு வருவார். பாதி அவருக்கு, பாதி அம்மாவுக்கு.

அப்பாவுக்கு வேண்டியது சரித்திர நாவல். எங்கள் வீட்டில் அதற்கு "ராஜா கதை" என்று பெயர். துறைமுகக் கிடங்கில் பகலெல்லாம் மூட்டைகளோடு மல்லுக்கட்டிவிட்டு வருகிற மனிதருக்குக் குதிரையும் வாளும் பாய்மரமும் இல்லாமல் தூக்கம் வராது. சோழர் கப்பல்கள் கடலைக் கடந்து கடாரத்தை நெருங்கும் அத்தியாயம் வந்துவிட்டால் போதும், ஐந்தாம் மாடி நடைபாதைக்கு எங்களை இழுத்துக்கொண்டு போவார். வானம் தெளிந்த நாளில் கடலுக்கு அப்பால், அன்றைய கடாரமான கெடாவின் ஜெராய் மலை நீலமாகத் தெரியும்.

"வாங்க வாங்க, நம்ம ஊரு வந்துருச்சி."

"வந்து என்ன பண்ணுனானுங்க? கொளுத்திட்டுத்தானே போனானுங்க" என்பாள் அம்மா, அடுப்படியிலிருந்து.

"ஜெயிச்சது நம்ம ஆளு லா."

"தோத்தது நம்ம ஊரு லா."

அப்போது சிரித்தேன். இப்போது யோசித்தால், ராஜா கதைகளைப் பற்றி நான் வாசித்த எந்த விமர்சனமும் இந்த இரண்டு வாக்கியங்களைத் தாண்டவில்லை. அந்த நாவல்களில் கடாரம் என்பது எரிவதற்காகவே கட்டப்பட்ட ஊர். அங்கே யாரும் சோறு வடிப்பதில்லை, பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதில்லை. கப்பல் வரும்; ஊர் விழும்; கப்பல் திரும்பும்.

அம்மா படித்தது சமூக நாவல், அப்பாவின் மொழியில் "அழுமூஞ்சிக் கதை". வீடு, தெரு, வரன், கடன், நோய். இப்படி நம்மைப் போன்றவர்கள் நடமாடும் கதைகள். ஆனால் அவற்றிலும் ஒரு கடல் இருந்தது. ஏதோ ஓர் அத்தியாயத்தில், குடும்பத்தோடு சண்டை போட்ட ஓர் ஆண், 'மலாயாவுக்குப் போய்விட்டான்' என்று ஒரே வரியில் காணாமல் போவான். அந்த வரி வந்ததும் அம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொள்வாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போவாள். வெங்காயம் பிறகுதான்; கண்ணீர் முதலிலேயே வந்துவிடும்.

காரணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மாவின் அப்பா, தஞ்சாவூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் மனைவியை விட்டுவிட்டுக் கப்பலேறியவர். இங்கே மலாயாவில், தாசேக் கெலுகோருக்கு அருகே ரப்பர்த் தோட்டத்தில் இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்தி, அம்மாவைப் பெற்று, அம்மாவுக்கு விவரம் தெரிவதற்குள் செத்துப்போனவர். கதைகளில் ஒரு வரியாகப் போனவனின் மகள் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அந்தக் கதைகளைப் படித்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவால் அந்தக் கண்ணீரைத் தாங்க முடியவில்லை. பாசார் தெருச் சந்தில் இருந்த வாடகைப் புத்தகக் கடையில், என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, ஒவ்வொரு புத்தகமாக எடுத்து நீட்டிக் கேட்பார்:

"அண்ணே, இதுல எவனாச்சும் மலாயா போறானா?"

எல்லாவற்றையும் படித்திருந்த கடைக்காரர் கண்ணை மூடி யோசிப்பார். "இதுல பம்பாய்தான் போறான்."

"பம்பாய்னா பரவால்ல. குடுங்க."

அப்படியாக எங்கள் வீட்டுக்குள் பம்பாய் போனவர்களும் ரங்கூன் போனவர்களும் சாமியாராய்ப் போனவர்களும் மட்டுமே நுழைந்தார்கள். அம்மா அழுவது நின்றது. படிப்பதும் குறைந்தது. அப்பா முதலாவதை மட்டும் கவனித்தார்.

ஒரு தீபாவளிச் சமயம் கோலமாவு வாங்க அந்தச் சந்துக்குப் போன அம்மாவைப் பார்த்துக் கடைக்காரர் விளையாட்டாகச் சொல்லிவிட்டார்: "என்னக்கா, உங்க வீட்டுக்கு மலாயா போறவன் கதைய அனுப்பவே கூடாதாமே? அண்ணன் உத்தரவு."

அன்று மாலை அம்மா சத்தம் போடவில்லை. அப்பாவுக்குத் தேநீரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எனக்கு வடிகட்டியா குடுத்துக்கிட்டு இருந்தீங்க?"

"நீ அழுவுறியேன்னுதான்."

"அழுதா என்ன இப்ப? அந்தப் பக்கத்துக்காகத்தானே நான் படிக்கிறதே. அங்க எங்கப்பா விட்டுட்டு வந்த அந்தம்மா என்னயப் பத்தி என்ன நெனைச்சாங்கன்னு வேற எங்க போயிக் கேப்பேன்?"

அப்பா தேநீரைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார். "திட்டியிருப்பாங்க."

"திட்டட்டும். திட்டுனாத்தானே நான் பொறந்தது அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அடுத்த சனிக்கிழமை அப்பா கடையில் கேள்வியைத் திருப்பிப் போட்டார். மலாயா போகிறவர்கள் எல்லோரையும் எடுக்கச் சொன்னார். வந்தார்கள். தங்கப்பல் கட்டித் திரும்பியவன், பைத்தியமாய்த் திரும்பியவன், திரும்பாதவன். விடப்பட்ட மனைவிகள் பொறுமையாக மாடு கறந்தார்கள், விளக்கேற்றினார்கள், இருமி இருமி இறந்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கலாம் என்று அவர்களில் ஒருத்திகூட நினைக்கவில்லை. அம்மா ஒவ்வொன்றையும் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு, "இவளும் சொல்லலை" என்று அப்பாவிடம் திருப்பிக் கொடுப்பாள். பின்னாளில் சர்க்கரை நோய் அவள் கண்ணைக் கொண்டுபோனபோது, ராஜா கதைகளைக் கைவிட்டு அப்பாவே அவளுக்கு உரக்கப் படித்தார். போர் முரசு கொட்டிப் பழகிய குரலில் மருமகள்கள் விசும்பினார்கள். அம்மா சில சமயம் சிரித்துவிடுவாள். ஆனால் யாரும் சொல்லவில்லை, கடைசிவரை.

இருவரும் இப்போது இல்லை. புத்தகக் கடை இருந்த இடத்தில் கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. என் புத்தகங்கள் கண்ணாடித் திரையில் வருகின்றன. அவற்றில் யாருடைய தலைவலியும் மணப்பதில்லை.

சென்ற மாதம் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு புதிய நாவலைப் படித்தேன். பெரிய எழுத்தில்லை, பாதிக்கு மேல் இழுவை. ஆனால் ஓர் இடத்தில், கணவன் மலாயாவில் இன்னொருத்தியோடு வாழ்வதாகக் கேள்விப்பட்ட மனைவி, வயல் வரப்பில் நின்று கடல் இருக்கும் திசையைப் பார்த்துத் திட்டுகிறாள். அவனை, அவளை, பிறகு அவர்கள் பெற்ற பிள்ளையை. பக்கம் பக்கமாக, மூச்சு விடாமல். பெயர் தெரியாததால் அந்தப் பிள்ளையை "அடி, அங்க இருக்கிறவளே" என்று கூப்பிடுகிறாள்.

அம்மா "ம்" என்று பதில் கொடுத்திருப்பாள்.