ஈட்டி மலையா, தொட்டில் மலையா

மாரிராஜ் பட்டாளத்தில் துப்பாக்கி பிடித்ததைவிடக் கரண்டி பிடித்ததுதான் அதிகம். லடாக் கூடாரங்களில் பருப்பு வேகவைத்தே பென்ஷனுக்கு வந்தவர். மனிதருக்கு ஒரே ஒரு பெருமை. எந்த மலையின் உயரத்தையும் தண்ணீரைக் கொதிக்க வைத்தே சொல்லிவிடுவார். மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். எவ்வளவு குறைந்தது என்று தெர்மாமீட்டரில் பார்த்தால் உயரம் தெரிந்துவிடும். ஐந்தருவியில் அவர் போட்டிருக்கும் டீக்கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம், கேட்காமலே இதைச் சொல்வார். ஈரத் தலையோடு நடுங்கி நிற்கிறவனுக்கு இது தேவையா என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

இந்த வித்தை கடைசியில் அவர் வீட்டுக்கே தேவைப்பட்டது. சொந்தமாக வீடு கட்ட வேண்டும். அவர் பிறந்த ராயகிரியில் ஒரு மனை இருக்கிறது, மனைவி சங்கரேஸ்வரி பிறந்த தென்காசியில் ஒரு மனை இருக்கிறது. அவர் பட்டாளத்தில் இருந்த காலமெல்லாம் ராயகிரியில் மாமனார் மாமியாரைப் பார்த்துக்கொண்டவள் அவள். இனிமேல் தென்காசிதான் என்றாள். அரசாங்கம் கைகாட்டிய இடத்துக்கெல்லாம் பெட்டி தூக்கியவர் அவர். இனிமேல் சொந்த ஊர்தான் என்றார். பேச்சு முற்றி மலையில் வந்து நின்றது.

ராயகிரியிலிருந்து பார்த்தால் ஒற்றைக் கூராக நிற்பது ஈட்டி மலை. தென்காசி மொட்டைமாடியில் ஏறினால் வடக்கே, இரண்டு முனையும் நடுவில் பள்ளமுமாகத் தெரிவது தொட்டில் மலை.

"எங்க ஈட்டிக்கு முன்னால உங்க தொட்டிலு கைப்பிள்ளைட்டி" என்றார்.

"அளந்துட்டு வந்து பேசுங்க" என்றாள் சங்கரேஸ்வரி. எந்த மலை உயரமோ, அந்த மலை தெரிகிற ஊரில் வீடு என்று முடிவாயிற்று.

முதலில் கையை நீட்டிக் கட்டைவிரலால் அளந்தார். ஈட்டி ஒரு விரல், தொட்டில் முக்கால் விரல். சங்கரேஸ்வரி தன் விரலை நீட்டினாள். அது சின்ன விரல், தொட்டில் சட்டென்று வளர்ந்துவிட்டது. நிழலை வைத்து அளக்கலாம் என்றால், சாரல் காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? செல்போனில் இறக்கிய ஆப் காலையில் ஒரு உயரம் சொன்னது, சாயங்காலம் ஒரு உயரம் சொன்னது. மேப்பில் பாருங்களேன் என்றார் டீ குடிக்க வந்த ஒருவர். மேப்பில் இரண்டு பெயருமே இல்லை.

வேறு வழியில்லாமல் வனத்துறையில் அனுமதி வாங்கி, காவலர் ஒருவர் துணையோடு, சின்ன ஸ்டவ்வும் சட்டியும் சுமந்து ராயகிரிப் பக்கமாக ஈட்டி மலையில் ஏறினார். உச்சியில் தண்ணீர் தொண்ணூற்றைந்து டிகிரியில் கொதித்தது. அதிலேயே டீ போட்டுக் குடித்துவிட்டு இறங்கினார். வீட்டுக்கு வந்தபோதுதான் டீ குடித்த டம்ளர் பையில் இல்லை என்பது தெரிந்தது. அது சங்கரேஸ்வரியின் சீர்ப் பாத்திரம், பெயர் வெட்டியது.

"எங்கம்மா போட்ட டம்ளரைத் தொலைச்சிட்டு வந்து டிகிரி சொல்லுதீய" என்று அவள் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை.

அடுத்து, வேறொரு காவலரோடு, தென்காசிப் பக்கமாகத் தொட்டில் மலையில் ஏறினார். உச்சியில் பக்கத்து ஆள் தெரியாத மூடுபனி. தண்ணீரைக் கொதிக்க வைத்தார். தொண்ணூற்றைந்து. மாரிராஜுக்குச் சுருக்கென்றது. இறக்கி வைத்துவிட்டு உட்கார இடம் தேடினார். பாறை இடுக்கில் ஒரு எவர்சில்வர் டம்ளர் கிடந்தது. எடுத்துத் துடைத்தார். சங்கரேஸ்வரி என்று வெட்டியிருந்தது.

இரண்டும் ஒரே மலை. தென்காசிக்குப் பக்கவாட்டைக் காட்டுகிறது, ராயகிரிக்கு முனையைக் காட்டுகிறது. டம்ளரைப் புதரில் எறிந்துவிட்டு, தொட்டில் ஒரு டிகிரி குட்டை என்று சொன்னால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? சொல்லத்தான் நினைத்தார். ஆனால் தொலைந்த டம்ளரைக் கொண்டு போய்க் கொடுக்கும் ஆசையும் விடவில்லை. பையில் போட்டுக்கொண்டார்.

டம்ளரை வாங்கிக்கொண்டு, அவர் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்த சங்கரேஸ்வரி, அதில் வெட்டியிருந்த பெயரை முந்தானையால் துடைத்தாள். சிரிப்பாள் என்று காத்திருந்தார் அவர்.

"உங்க ஊர்ல பாத்திரம் விளக்கப் பின்வாசலுக்கு வந்தா அந்த ஈட்டிதான் கண்ணுல படும்" என்றாள். "எங்கம்மா வீட்டு மலைதான் அதுன்னு தெரிஞ்சிருந்தா, அம்புட்டு அழுதிருக்க மாட்டேன்."

"அழுதியா? போன்ல ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொன்னா என்ன செஞ்சிருப்பீய? பருப்பைத் தீய விட்டிருப்பீய."

மாரிராஜ் மறுநாள் காலையிலேயே தென்காசி மனையில் கொத்தனாரோடு நின்றார். பாத்திரம் விளக்கும் இடத்துக்கு நேராக ஒரு ஜன்னல் வேண்டும் என்றார். எந்தப் பக்கம் பார்த்து வைக்க என்று கொத்தனார் கேட்டார். மாரிராஜ் கையை நீட்டித் தொட்டில் மலையைக் காட்டினார்.