அஞ்சலையின் மல்லாட்டைக் கணக்கு

மாதவிலக்குக் கோளாறுக்கு மருந்து கொடுக்கும் வேலையில், நோயைக் குணப்படுத்துவதைவிட அதை வாய்விட்டுச் சொல்ல வைப்பதுதான் பெரும்பாடு. அடிவயிற்று வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மறைத்து, வேலைக்குப் போய்வந்த உங்களுக்குத் தெரியாததா? எண்பதுகளில் திண்டிவனத்தில் ஒரு சித்த வைத்தியசாலையில் நான் பெண் கம்பவுண்டராக இருந்தேன்.

பக்கத்து வீட்டு வியாதி

ஒலக்கூர் பக்கமிருந்து அஞ்சலை வந்தாள். பக்கத்து வீட்டுக்காரிக்குப் பத்து நாளாகத் தீட்டு நிற்கவில்லையாம். “அவங்களையே வரச் சொல்லும்மா” என்றேன். சுற்றுமுற்றும் பார்த்தாள்.

“நான்தாங்க அந்தப் பக்கத்து வீடு. விழுப்புரம் பெரியாஸ்பத்திரிக்கு மட்டும் அனுப்பிடாதீங்க, கர்ப்பப்பையை எடுத்துடுவாங்க. எனக்கு இன்னும் ஒரு புள்ளகூட இல்ல.”

எண்ணினால் தெரியும்

எங்கள் வைத்தியசாலை டாக்டரம்மா அசோகப்பட்டைக் கஷாயம் எழுதினார். “கேக்குமாம்மா?” என்று தனியாகக் கேட்டேன். “ஏட்டுல இருக்கு. எண்ணிப் பாத்தவங்கதான் கம்மி. நாம எண்ணுவோம்” என்றார். எத்தனை துணி மாற்றுகிறாள் என்று அஞ்சலை கணக்கு வைக்க வேண்டும். குறையாவிட்டால் விழுப்புரம்தான்.

“எனக்கு எழுத வராதுங்க. ஒரு துணிக்கு ஒரு மல்லாட்டைன்னு டப்பாவுல போட்டு எடுத்துக்கினு வர்றேன்.”

இறங்கிய கணக்கு

எங்கள் பக்கம் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பேர். முதல் மாதம் நாற்பது மல்லாட்டை. அடுத்த மாதம் பத்தொன்பது. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பட்டையை இடித்தவள் நானல்லவா! டாக்டரம்மா மட்டும் அஞ்சலையின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். வெளுத்துக் கிடந்தது. “கணக்கு குறைஞ்சும் ரத்தம் ஏறலியே?” என்றார். கூட வந்த அவள் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார்.

“எதுக்குப் போட்டு வெச்சிருக்கான்னு தெரியாதுங்க. சாயந்தரம் சாயந்தரம் ரெண்டு எடுத்துத் தின்னுக்கினு இருந்தேன்.”

விழுப்புரம்

அஞ்சலை அழுதாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. மருந்து கேட்கிறது என்று நம்ப எனக்கு அவ்வளவு ஆசை! அன்றே சீட்டு எழுதி அனுப்பினோம். அங்கே ரத்தம் ஏற்றி, உள்ளே வளர்ந்திருந்த சின்னச் சதையை மட்டும் எடுத்தார்கள். கர்ப்பப்பை அப்படியே இருந்தது. நாலு மாதம் கழித்து முகத்தில் களை திரும்பி வந்தவள், முந்தானை முடிச்சை அவிழ்த்து மேசைமேல் கொட்டினாள்.

“பன்னண்டுதாங்க. இந்த வாட்டி கூழாங்கல்லு போட்டேன், எவன் திம்பான்னு பாத்துடலாம்!”

மூலிகைக்கு ஆதாரம் தேடுகிறவர்களுக்கு இந்தக் கம்பவுண்டரின் ஒரே யோசனை, வீட்டுக்காரரின் பசியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.