தைரியநாதனின் நாற்பது பெட்டிப் புளி

தைரியநாதன் எங்களை ஒருநாளும் திட்டியதில்லை. முதலாளிக்கு அது பெரிய குறை.

வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை, ஒரு தராசு, புளி தட்ட ஆறு பொம்பளைகள். இதுதான் அவன் கம்பெனி. கல்வராயன் மலையிலிருந்து மூட்டை வரும். ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டையை எடுப்போம். ஆறு பேரில் மூத்தவள் நான், இருசம்மாள். புருஷன் செத்து இருபது வருஷம். அதற்கப்புறம் என் வாயை யாரும் அடக்கியதில்லை.

தைரியநாதன் மலேசியாவில் ஓட்டலில் பதினோரு வருஷம் பாத்திரம் தேய்த்தவன். அங்கே ஒரு கடையில் வேறு தேசத்துப் புளியை அழகான பெட்டியில் பார்த்தானாம். அன்றைக்குப் பிடித்த பைத்தியம். ஊருக்கு வந்து, அலையாய் அலைந்து ஏற்றுமதி லைசென்ஸ் வாங்கினான். வெளிநாட்டுக்காரர்கள் வருகிற கண்காட்சி எங்கே நடந்தாலும் டப்பாவில் புளியோடு போய் நிற்பான். மூன்று வருஷம் சும்மா திரும்பினான். நாலாம் வருஷம் போலந்து நாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு அவன் புளி பிடித்துப்போனது. முதலில் நாற்பது பெட்டி அனுப்பு, சரியாக இருந்தால் வருஷா வருஷம் எடுக்கிறோம் என்றது.

"அவங்க இன்னாடா சாப்புடுவாங்க?" என்றேன்.

"ரொட்டி, உருளக்கெயங்குக்கா."

"அதுக்குப் புளி எதுக்கு? ரசம் வச்சிக் குடிக்கவா?"

"ஏதோ சாஸு செய்வாங்களாம். உனுக்கு ஏன் வயிறு எரியுது?"

சிரித்துக்கொண்டே ஒரு காகிதத்தைக் காட்டினான். புளியில் வேறு எதுவும் சேர்க்கவில்லை என்று அவன் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். நாங்கள் பெட்டி அடைத்த இரண்டு நாளும் அவன் சென்னையில் இருந்தான். அதனால் என்னைக் கேட்டான்.

"எதுனா சேத்தீங்களாக்கா?"

"கல்லு மண்ணு கலக்க நாங்க இன்னா திருட்டு யாவாரிங்களா? ஒண்ணும் சேக்கல. போடு கையெயுத்து."

போட்டான். பெட்டிகள் கப்பல் ஏறின.

நாலு நாள் கழித்து, உள்ளூர்க் கடைக்குப் புளி கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு அடுக்கு புளி, மேலே ஒரு கை கல்லுப்பு. பின்னால் வந்து நின்றான்.

"வெளிநாட்டுப் பொட்டியிலயும் உப்பு போட்டியாக்கா?"

"போடாம? ஒன்ற மாசம் கடல்ல போற புளி. உப்பில்லாம கட்டுனா கறுத்துப் பூடும். உங்கம்மா பானையில எப்படிக் கட்டுவா?"

"ஒண்ணும் சேக்கலன்னு சொன்னியே."

"உப்பு சேக்கறதுல சேத்தியாடா?"

அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான். கண்காட்சிக்குக் கொண்டுபோனது அன்றன்று உரித்த புளி. அதற்கு உப்பு தேவைப்படவில்லை. இது எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

அவன் போனில் கப்பல் ஒரு புள்ளியாகத் தெரியும். தினம் காலையில் பார்ப்பான். கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

"நிறுத்த முடியாதாடா?"

"கள்ளக்குறிச்சி பஸ்ஸாக்கா, விசிலடிச்சி நிறுத்த?"

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவன் மகள் பிரின்சியை விட்டுக் கடிதம் எழுதினான். இங்கே புளி என்றால் உப்பும் உண்டு, ஏமாற்றவில்லை, அடுத்த தடவை உப்பில்லாமல் தருகிறேன் என்று எழுதச் சொன்னான். அன்றைக்கே, அந்த அடுத்த தடவைக்குத் தாங்குமா என்று பார்க்க, என்னை உப்பில்லாமல் ஒரு பெட்டி கட்டச் சொல்லி மூலையில் வைத்தான்.

பதிலே இல்லை. கப்பல் போய்ச் சேர்ந்த பிறகுதான் வந்தது. பிரின்சி படித்தாள். உப்பு இருக்கிறது, எழுதிக் கொடுத்தது பொய், பெட்டிகளை அங்கேயே அழித்துவிடுகிறார்கள்.

"அயிக்கறதுன்னா?" என்றேன்.

"கொளுத்திருவாங்க ஆயா," என்றாள்.

தின்கிற பொருளைக் கொளுத்துவார்களாம். என் கையால் நார் எடுத்த புளி.

தைரியநாதன் எழுந்து மூலைப் பெட்டியைப் பிரித்தான். மேலெல்லாம் கறுத்து, தார் மாதிரி ஒட்டியிருந்தது. குளிர்ப் பெட்டியில் அனுப்பினால் கறுக்காதாம். அதெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்கு.

"உப்பு போட்டா வேணாம்பான். போடலன்னா இப்படி ஆவுது. இன்னாக்கா பண்றது?"

 

"என்னத் திட்டுடா," என்றேன்.

கறுத்த புளியில் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டுக்கொண்டான்.

"நல்லாத்தான் புளிக்குது," என்றான்.