நல்லூர் – கொச்சி

சென்ற வாரம் அலுவலக நண்பர் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். அவருடைய அப்பா உட்கார்ந்த மர நாற்காலி ஒன்று மச்சில் கிடக்கிறதாம். அதைப் புதுசாக்க வேண்டுமாம். பாலிஷ் போட நல்ல ஆள் யாராவது தெரியுமா என்று கேட்டார்.

தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. அது பாட்டுக்கு அப்படியே இருக்கட்டும், விடுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

என் அண்ணன் நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறவர். டியூப்லைட் வெளிச்சத்தில் துணியை விரித்து ஓட்டை, கறை கண்டுபிடிக்கிற வேலை. வருஷக்கணக்காக அதே வேலை. ஓர் எண்ணெய்ப் பொட்டு அவர் கண்ணுக்குத் தப்பாது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை சட்டையில் இருக்கும் கறையைக்கூடப் பார்த்துவிட்டு நம் காதில் வந்து சொல்வார். கறை என்றால் அவருக்கு ஆகாது.

எண்பதுகளின் நடுவில் அவருக்குக் கல்யாணம் ஆனது. அண்ணிக்குச் சொந்த ஊர் கொமரலிங்கம். அமராவதி ஆற்றில் நீந்தி வளர்ந்தவர். இங்கே வந்து குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது, 'எங்கூர்ல ஆத்துக்கு யாருங்க வரிசைல நிப்பாங்க?' என்று சிரிப்பார். அதைப் புலம்பலாகச் சொல்லத் தெரியாது அவருக்கு.

கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் கொச்சிக்குப் போனார்கள். ரயிலில் திரும்பி வரும்போது அண்ணி மடியில் வைத்துக்கொண்டு வந்தது ஒரு மரப் படகு. முழ நீளம் இருக்கும். நடுவில் பாய்மரம், இரண்டு துணிப் பாய், பின்னால் குட்டியாக ஒரு சுக்கான்.

வந்த அன்றே சிவப்பு நகப்பூச்சு பாட்டிலை எடுத்துப் படகின் வலது பக்கவாட்டில் எழுதினார் – நல்லூர் – கொச்சி. பஸ் போர்டு மாதிரி. எழுத்து கோணல்மாணல். 'ச்' எழுத்தின் புள்ளி கொஞ்சம் வழிந்து, ஒரு சொட்டாக நின்றுவிட்டது.

வருகிறவர்கள் எல்லோரும் வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். அண்ணி சளைக்க மாட்டார். 'டிரைவர் இன்னும் செக்கிங்ல இருக்கறாருங்க' என்பார்.

குழந்தை இல்லாத வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் சிமெண்ட் தொட்டியில் படகை மிதக்கவிடுவார் அண்ணி. தண்ணீரையே பார்க்காத படகு பாவம் என்பது அவர் கட்சி. அண்ணன் துண்டோடு பக்கத்தில் நின்று, கரைக்கு வந்ததும் துடைத்து வைப்பார்.

பிறகு மஞ்சள் காமாலை வந்தது. நாட்டு மருந்து, கோயம்புத்தூர் ஆஸ்பத்திரி – எல்லாம் பார்த்தோம். என்ன செய்ய... அண்ணி போய்விட்டார்.

அண்ணன் வேலைக்குப் போனார், வந்தார். பேச்சு நின்றுபோனது. ஷோகேஸில் அண்ணியின் போட்டோ. அதை ஒட்டிப் படகு. காலையும் மாலையும் விளக்கு, ஊதுபத்தி. போட்டோ கண்ணாடியைத் தினமும் துடைப்பார். படகைத் தொட மாட்டார். புகை படிந்து படிந்து அது கறுத்துக்கொண்டே வந்தது. தொட்டித் தண்ணீரில் பலகைகளின் ஒட்டு ஏற்கெனவே இளகியிருந்தது. அடியில் கரையான் வேறு. ஒரு நாள் பாய்மரம் தானாகவே முறிந்து விழுந்தது.

அன்றைக்கு அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்தார். பல மாதங்களுக்குப் பிறகு அவராக வந்தது அதுதான் முதல் தடவை.

'படகைச் சரி பண்ணோணும்டா' என்றார்.

எங்களுக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கைக்கு ஒரு வேலை வந்துவிட்டால் மனசு தேறிவிடும் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். யார் நமக்கு இதைச் சொன்னது?

தச்சுப் பட்டறையில் தேக்குத் துண்டு கேட்டு வாங்கினார். கரையான் தின்ற அடிப்பலகையை அறுத்து எடுத்துவிட்டுப் புதுப் பலகையை இழைத்துப் பொருத்தினார். ஒட்டுகளைப் பிரித்து, சுரண்டி, பசை தடவி, காயும் வரை நூல் சுற்றி இறுக்கிக் கட்டினார். பாய்களைக் கம்பெனியிலேயே தைத்துக்கொண்டார். பாய்க் கயிற்றுக்குத் தையல் நூலை முறுக்கினார். எங்கள் வீட்டில் சாப்பிடும்போது பாய்மரத்தின் சாய்வைப் பற்றிப் பேசினார். என் மனைவி எனக்குக் கண்ணைக் காட்டினாள் – பார்த்தீர்களா, பேசுகிறார்.

கடைசி வேலை, பழைய வார்னிஷையும் புகைக்கறையையும் எடுப்பது. அண்ணியின் எழுத்து எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். அதைத் தொடாமல் விடுவதாகத்தான் இருந்தார். ஆனால் அடிப்பக்கத்துக்காகப் படகைக் கவிழ்த்து வைத்திருந்தார். கவிழ்த்ததில் வலது இடதாகிவிட்டது. கரிக்கு அடியில் எழுத்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. தின்னரில் வெள்ளைப் பனியன் வேஸ்ட் துணியை நனைத்துத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறார். கறுப்பு, பிறகு பழுப்பு, பிறகு சிவப்பு.

மறுநாள் என்னிடம் சொன்னார். 'சாயம் போகுதுன்னு நெனச்சேன்டா. இன்னுங் கொஞ்சம் அழுத்தித் தொடச்சேன்.'

நகப்பூச்சு தின்னரில் எத்தனை நேரம் நிற்கும்?

வீட்டிலிருந்த ஆல்பங்களை எல்லாம் கொட்டித் தேடினோம். படகு பதிவாகியிருந்த போட்டோ ஒன்றே ஒன்று. எழுத்து இருக்கும் இடத்தை மறைத்துக்கொண்டு என் தலை. பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

பஸ்ஸுக்குப் போர்டு எழுதுகிற ஆளைக் கூட்டிவந்து எழுதச் சொல்லலாமா என்று கேட்டேன்.  அந்தத் துணி எங்கே போயிருக்கும் என்று அண்ணன் திருப்பிக் கேட்டார்.

எந்தத் துணி?

துடைத்த துணி. வீடு கூட்டுகிற அம்மா மற்ற கந்தலோடு அதையும் அண்ணன் கம்பெனியிலிருந்து கொண்டுவந்திருந்த வேஸ்ட் மூட்டையில் போட்டுவிட்டார். மூட்டை காலையிலேயே பல்லடம் ரோட்டு வேஸ்ட் குடோனுக்குப் போய்விட்டது.

'அது எதுக்குங்கண்ணா?' என்றேன்.

'அவ எழுதுனது அதுலதான்டா இருக்குது.'

 வண்டியை எடுத்தேன்.

குடோன்காரர் மரியாதையான மனிதர். என்ன தேடுகிறோம் என்று விசாரித்தார். கையகலத் துணி என்றார் அண்ணன். வெள்ளைதான், ஆனால் சிவப்பு பட்டிருக்கும் என்றார். அவர் எங்களைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். ஊரின் கட்டிங் வேஸ்ட் முழுவதும் கூரை வரை குவிந்து கிடந்தது. வெள்ளை ஒரு மலை. பக்கத்திலேயே சிவப்பு ஒரு மலை. நடுவில் இரண்டும் சரிந்து கலந்துகிடந்தன.

அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், செக்கிங் மேஜையில் பார்ப்பது போலவே. நானும் உட்கார்ந்தேன். பொழுது சாயும்வரை தேடினோம். கிடைக்கவில்லை. 'போலாங்கண்ணா' என்று நான்தான் எழுப்பினேன். சட்டையெல்லாம் பஞ்சு. தட்டிவிடக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

பாக்கி வேலையையும் முடித்துவிட்டார். படகு இப்போது ஷோகேஸில் நிற்கிறது. பளபளவென்று இருக்கிறது. எங்கே முறிந்தது, எங்கே ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாது. பேச்சு மறுபடி நின்றுபோனது.

போன மாதம் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த ஒருவர் படகைப் பார்த்து அசந்துபோய், புதுசாக வாங்கியதா என்று கேட்டார்.

அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

'ஆமாங்க... புதுசுதானுங்க.'