தண்ணீர்க் கண்டம்

எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஊர்ச் சோசியர் சொன்னபோது நான் தொட்டிலில் கிடந்தேனாம். பத்து வயது முடியும்வரை என்று கெடுவும் வைத்திருந்தார். அவருக்கென்ன, சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்தக் கெடுவையும் என்னையும் சுமந்துகொண்டு அம்மா ரயிலேறி வந்து சேர்ந்த இடம் தாராவி. ஒரு பக்கம் கடல் நுழையும் கழி, ஒரு பக்கம் நாலா என்று எல்லாரும் சொல்லும் சாக்கடைக் கால்வாய், தலைக்கு மேல் நான்கு மாத மழை.

அம்மா தன்னால் ஆனதைச் செய்தாள். தவிட்டுக்குப் பிள்ளையை விற்றுத் திரும்ப வாங்கிவிட்டால் எமனுக்கு அடையாளம் குழம்பிவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மா யோசித்து, என்னைக் கோலிவாடாவில் மீன் விற்கும் மராத்திக்காரியிடம் விற்றாள். கடலில் பிழைக்கிறவள் பிள்ளையைத் தண்ணீர் தொடாது என்று கணக்கு. அந்த அம்மாள் ஒரு முறம் தவிடு கொடுத்து என்னை வாங்கி, சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தாள். பிறகு வழியில் கண்டால், "மாஜா முல்கா", என் பிள்ளை, என்று மீன் கையால் கன்னத்தைக் கிள்ளுவாள்.

அப்படியும் அம்மாவுக்குப் பயம் விடவில்லை. மழை பெய்தால் எனக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. பள்ளிக்கூடம் நாலாவுக்கு அந்தப் பக்கம். மழைநாளில் கடக்க வேண்டுமென்றால், குடிதண்ணீர் கொண்டுபோகும் பெரிய இரும்புக் குழாயின் மேல்தான் நடக்க வேண்டும். எனக்கு ஒன்பது வயது நடந்த வருஷம் வாத்தியார், இன்னும் ஒருநாள் வராவிட்டால் பேரை அடித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அதில் வருத்தம் இல்லை. தோல் பதனிடும் கிடங்கில் தன் பக்கத்திலேயே எனக்கு இடம் பார்த்து வைத்திருந்தார். சுண்ணாம்பில் ஊறி வெந்துபோன அவர் விரல்களைப் பார்க்கவும் எனக்குப் பயம்.

மாமா, அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். துறைமுகத்தில் கப்பலின் வெளிப்பக்கம் பலகையில் தொங்கிக்கொண்டு துரு சுரண்டிப் பெயிண்ட் அடிக்கும் வேலை. நார்வே நாட்டுக் கப்பலில் வந்த கிழட்டு மாலுமி ஒருவன், பாதி இந்தியும் பாதி கைஜாடையுமாகச் சொன்ன கதையை ஒரு மழைநாள் சாயங்காலம் எங்களுக்குச் சொன்னார்.

"அவுக ஊர்ல பெரிய மரம் ஒண்ணு இருக்காம், மருமவனே. அதுக்கடில மூணு பொம்பளைய இருந்துக்கிட்டு, எவனெவன் என்னைக்குச் சாவணும்னு செதுக்குதாளுவளாம். சாமிக்கும் சேத்துத்தான்."

"சாமி சாவுமா?"

"பெரிய சாமிய ஓநாய்லா முழுங்கப் போவுது. அவருக்கே தெரியும் பாத்துக்கோ."

"பொறவு ஓடிட்டாரா?"

"எங்கன ஓட? தலப்பாவ மாட்டி, ஈட்டிய எடுத்துக்கிட்டு, மொத ஆளா அவரே கெளம்பிட்டாராம்."

"ஜெயிச்சாரா?"

"முழுங்கிருச்சு."

"பச்சப்புள்ளைட்ட சொல்லுத கதையால இது, மூதி!" என்று அம்மா அகப்பையை ஓங்கினாள்.

ஓநாயை நான் பார்த்ததில்லை. நாலாவோரச் சொறிநாய் ஒன்றை மனத்துக்குள் குழாய் உயரத்துக்கு வளர்த்துக்கொண்டேன். நம் சாமிகளிடம் அழுதால் ஏதாவது பரிகாரம் கிடைக்கும். அந்த மூன்று பெண்களிடம் தவிட்டை நீட்டினால் வாங்குவார்களா?

மறுநாள் காலையும் மழை. அம்மா மண்ணெண்ணெய் வரிசைக்குப் போயிருந்தாள். நான் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு புறப்பட்டேன். தைரியம் வந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். வீட்டுக்குள் இருந்தாலும் அது வரும் என்று தெரிந்துவிட்டதால் வீட்டுக்குள் இருக்கவே பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

நாலா கரை தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. ஏறிவிட்டேன். பாதிவரை நடந்தும் விட்டேன். குழாய்க்கு அடியில் தண்ணீர் உறுமியது. பழுப்பு நுரையில் செத்த கோழி ஒன்று சுழன்று, சட்டென்று உள்ளே இழுபட்டது. என் முழங்கால்கள் பூட்டிக்கொண்டன. முன்னால் ஒரு அடி இல்லை, பின்னால் ஒரு அடி இல்லை.

கரையில் அம்மாவின் குரல் கேட்டது. "ஏறாதல! நான் சொல்லுதேன்லா, ஏறாதல!"

திரும்பிப் பார்த்தேன். மாமா குழாயில் வந்துகொண்டிருந்தார். நடந்து அல்ல. எருமை முதுகில் உட்கார்ந்தவர்போல இரண்டு பக்கமும் காலைப் போட்டு, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்து வந்தார். அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. பக்கத்தில் வந்து என் கால்சட்டையைப் பின்னால் பிடித்தார். கை நடுங்கியது. மழைக்குளிர் என்று நினைத்தேன்.

"கீழ பாக்காத. நட."

"விழுந்துட்டா, மாமா?"

"விழுந்தா விழுந்ததுதாம். பள்ளிக்கூடத்துப் பக்கமாப் பாத்து விழு."

நடந்தேன். நனைந்த பையோடு போய் "ஆஜர்" சொன்னபோது வாத்தியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பின்னாளில் கல்லூரி நூலகத்தில் அந்த வடதேசத்துக் கதைகளைத் தேடிப் படித்தேன். சாகும் நாளை மாற்ற அந்தக் கதைகளில் யாருக்கும் வழியில்லை. ஆனால் அந்த நாளை எந்த முகத்தோடு சந்திப்பது என்பதை மரத்தடிப் பெண்கள் செதுக்குவதில்லை. பரீட்சை, வேலைக்கான நேர்முகம் என்று கால் பூட்டிக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு உதவுவது அதுதான்.

போன வருஷம் மாமாவுக்குப் பார்த்த பெண் வீட்டார் ஜாதகத்தோடு பின்வாங்கிவிட்டார்கள். ஏன் என்று அம்மாவைக் கேட்டேன்.

"அவனுக்கும் தண்ணிலதாம்ல கண்டம். ஒனக்காவது பத்து வயசுன்னு கெடு இருந்துச்சு. அவனுக்கு அந்தச் சோசியன் கெடுவே சொல்லல."

மாமா இன்றைக்கும் காலை வண்டியில் துறைமுகத்துக்குப் போகிறார். நீச்சல் தெரியாது.

அன்று பாதிக் குழாயில் நின்ற என்னைப் பார்த்து அம்மா ஏன் ஏறாதே என்று கத்துகிறாள், பயத்தில் பேச்சுக் குழறுகிறது போலும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.