செம்புக்குள் ஒரு சூப்பிரண்டு

சிறைத்துறையில் சம்பளம் ஒருவருக்குத்தான். டூட்டி மட்டும் வீட்டில் இருக்கிற எல்லோருக்கும். காக்கிச் சட்டை காயும் வீடுகளில் வளர்ந்த சக கைதிகளே, உங்களுக்கு இது தெரியும். என் அம்மா பெண்கள் கிளைச் சிறையில் தலைமைக் காவலர். முப்பத்து மூன்று வருஷத்தில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. அதே பேரோடு போன மாதக் கடைசியில் ஓய்வு பெற வேண்டும் என்பது அவள் ஆசை. எனக்குப் பதினாறு வயது. எந்தக் குரலைக் கேட்டாலும் அப்படியே பேசுவேன்.

இரண்டு கதவு

ஜெயில் வாசலில் இரண்டு கதவு உண்டு. ஒன்றைப் பூட்டாமல் இன்னொன்றைத் திறக்கக் கூடாது. எங்கள் குவார்ட்டர்ஸிலும் அதே சட்டம்தான். அம்மா முதலில் கம்பிக் கதவைப் பூட்டுவாள், பிறகுதான் மரக்கதவு திறக்கும். ஒரு நாள் புதிதாக வந்த சிலிண்டர்காரரை உள்ளே விட்டுக் கம்பிக் கதவைப் பூட்டியதும் வீட்டுக்குள் போன் அடித்தது. அம்மா மரக்கதவையும் சாத்திக்கொண்டு பேசப் போய்விட்டாள். பத்து நிமிஷம் கழித்துத் திறந்தபோது மனிதர் இரண்டு கதவுக்கும் நடுவில் தோளில் சிலிண்டரோடு நின்று கேட்டார்: "எக்கா, எனக்கு ஜாமீன் எடுக்க வீட்டுக்குச் சொல்லி விடட்டுமா?"

தலைக்கணக்கு

அத்தை மகள் கல்யாணம் விக்கிரமசிங்கபுரத்தில். திரும்பும்போது வேனில் எங்களை இரண்டிரண்டாக உட்கார வைத்து அம்மா எண்ணினாள். போகும்போது பத்தொன்பது பேர், இப்போது இருபது. "கொறஞ்சாலும் தேடணும், கூடுனாலும் தேடணும்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். டிரைவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். கடைசி சீட்டிலிருந்து ஜரிகை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் பைய எழுந்தார். இறங்கிப் போகும்போது என்னிடம் சொன்னார்: "ரெண்டு பந்தியில சாப்பிட்டேன், யாருவேன்னு ஒருத்தன் கேக்கல. வேன்ல ஏறுன ஒடனே கண்டுபிடிச்சிட்டாவளே."

செம்பு

ஓய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது இதைச் செய்தேன். குவார்ட்டர்ஸில் ஜெயில் இன்டர்காம் உண்டு. சூப்பிரண்டு ஐயாவுக்குக் கட்டைக் குரல். எவர்சில்வர் செம்புக்குள் வாயை வைத்துப் பேசினால் எனக்கும் அது வரும். அம்மா காய்கறி வாங்கப் போன நேரம் பார்த்து, கேட்டில் டூட்டி பார்க்கும் பேச்சியக்காவைக் கூப்பிட்டேன். "நான்தான். மேலிடத்துல இருந்து வாராங்க. எல்லாரும் வாசல்ல வரிசையா நில்லுங்க." அங்கன ஸ்டூல் சாயும் சத்தம் கேட்டது. நான் பாயில் புரண்டு சிரித்தேன்.

அது மனு நேரம், அதாவது கைதிகளை வீட்டு ஆட்கள் வந்து பார்க்கும் நேரம். நான் அதை நினைக்கவில்லை. காவலர்கள் எல்லோரும் வாசலில் நின்றதால் மனு நின்றது. களக்காட்டிலிருந்து மகளைப் பார்க்க வந்த ஒரு தாயார், நேரம் முடிந்து பார்க்காமலே பஸ் ஏறிவிட்டார். சாயங்காலம் நிஜ சூப்பிரண்டு பேச்சியக்காவிடம் விளக்கம் கேட்டார். நான் வாயைத் திறந்தால் அம்மாவுக்கு ஆபத்து. ஓய்வு பெறும் அன்றைக்குக்கூட சஸ்பெண்ட் பண்ணலாம். திறக்காவிட்டால் பேச்சியக்காவுக்கு. ராத்திரி இரண்டாவது இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டு அம்மாவிடம் போனேன். சொல்லிவிட்டேன்.

அம்மா கையை ஓங்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, நடந்ததை எல்லாம் ஐயாவுக்கு எழுதி, என்னிடம் நீட்டினாள்: "ஏட்டி, படிச்சுப் பாரு. மனு அரை மணி நேரம் நின்னுச்சுன்னு போட்டிருக்கேன். முக்கா மணின்னா திருத்து."

களக்காடு

மறுநாள் அம்மா லீவு போட்டு என்னை பஸ்ஸில் கூட்டிப் போனாள். அந்தத் தாயார் வாழைத் தோட்டத்துக்கு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நான்தான் சொல்ல வேண்டும் என்று உத்தரவு. என் சொந்தக் குரலில் சொன்னேன். அவர் தூக்குவாளியை உள்ளே வைத்துவிட்டு எங்களோடு ஜெயிலுக்கு வந்தார். மகளைப் பார்த்துவிட்டு வெளியே வந்து என்னிடம் சொன்னார்: "அவளுக்கு மேலுக்குச் சொகமில்ல, அதான் காட்ட மாட்டேங்காவன்னு நேத்து பூரா கெடந்தேன். நல்லாத்தான் இருக்கா. ஒனக்குச் சிரிக்கணும்னா வேற என்னமும் பண்ணுளா."

கடைசி நாள்

ஐந்து மணிக்குப் பாராட்டு விழா. நாலரைக்கு சூப்பிரண்டு அம்மாவை அறைக்குக் கூப்பிட்டார். நான் வராந்தாவில் நின்றேன். அம்மா ஒரு தாளோடு வெளியே வந்தாள். சஸ்பெண்ட் இல்லை, எச்சரிக்கை மெமோ. பென்சனுக்குக் குறைவு இல்லை. பேச்சியக்கா மீதும் நடவடிக்கை இல்லை. அம்மா மெமோவை நாலாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு மேடைக்குப் போனாள்.

சூப்பிரண்டு ஐயா கடமை, கண்ணியம் என்று நிறையப் பேசினார். அதற்குப் பிறகு பேச்சியக்கா மைக்கை வாங்கினாள்: "முப்பத்து மூணு வருசமா நாங்க எல்லாரும் மெமோ வாங்குவோம், அக்கா மட்டும் தனியா நிப்பாவ. பக்கத்துல போகவே பயமா இருக்கும். இன்னைக்குத்தான் எங்க ஆளாயிட்டாவ."

அன்றைக்கு அம்மாவுக்குச் சால்வை போட்டவர்கள் நிறையப் பேர்; மெமோ வாங்கிக் கொடுத்தவள் நான் ஒருத்திதான்.